இந்த வாரம் கொஞ்சம் அறுவை

ஆபீசில் நான் வருவதைப் பார்த்ததும் "அறுவை வருதுடா" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற நண்பர்கள் இரண்டு பேர் உண்டு. இந்த வாரம் அவர்கள் தாராளமாகக் கிளம்பலாம். விஷயமே கத்தியைப் பற்றியது.

உலகத்தில் ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் உண்டு, பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் உண்டு, கடன் சேர்க்கிறவர்கள் நிறைய உண்டு. நான் கத்தி சேர்க்கிறேன். ஸ்டாம்புக்காரரிடம் "அடடே, எத்தனை தேசம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் அரை அடி பின்னால் இழுத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன ஹாபி?" என்று வருங்கால மாமனார் கேட்டபோது, என் அம்மா முந்திக்கொண்டு "புஸ்தகம் படிப்பான்" என்று சொல்லிச் சம்பந்தத்தைக் காப்பாற்றினாள்.

மொத்தம் பதினொன்று வைத்திருக்கிறேன். எல்லாம் கையால் அடித்தவை. மெஷினில் வடை மாதிரி ஒரே அளவில் வந்து விழுகிற ஜாதி கிடையாது. குடகு நாட்டுப் பீச்சங்கத்தி ஒன்று, நேபாளத்துக் குக்ரி ஒன்று, திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்று, இன்னும் சில்லறை. பீரோவில் பட்டுப் புடவைகளுக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். புடவைக்கு ரசகற்பூர உருண்டை, கத்திக்கு எண்ணெய். "பீரோவைத் தொறந்தா கல்யாண வாசனையும் கொலை வாசனையும் சேர்ந்து அடிக்குது" என்பது என் மனைவியின் விமர்சனம்.

கத்தியில் அப்படி என்னய்யா அழகு என்று கேட்பீர்கள். நல்ல கத்தியை ஆள்காட்டி விரல் மேல் குறுக்கே வைத்தால், பிடிக்கு ஓர் அங்குலம் முன்னால் தராசு முள் மாதிரி நிற்கும். அலகை ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினால், வாய் ஓரமாக ஒரு மங்கலான கோடு தெரியும். கெட்டி இரும்பு முடிந்து, மெத்தென்ற இரும்பு ஆரம்பிக்கிற எல்லை அது. அந்தக் கோட்டை ஒருவன் நெருப்பையும் தண்ணீரையும் வைத்து வரைந்திருக்கிறான். பென்சிலில் ஒழுங்காகக் கோடு போடவே எனக்கு ஸ்கேல் வேண்டும்.

இந்தப் பித்து முற்றினால் எல்லாரும் ஒரு நாள் வந்து சேர்கிற இடம், அமெரிக்காவின் 'போவி' கத்தி. அதன் கதை நம் ஊர் பஞ்சாயத்துக் கதை மாதிரியே இருக்கும். 1827 செப்டம்பர் 19. மிசிசிப்பி ஆற்றில் ஒரு மணல் திட்டு. இரண்டு பெரிய மனிதர்களுக்குள் துப்பாக்கிச் சண்டை. ஆளுக்கு இரண்டு முறை சுட்டார்கள். நாலு குண்டும் குறி தப்பியது. "சரி, போதும்" என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். விஷயம் முடிந்தது. அப்புறம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குள் சண்டை ஆரம்பித்தது! அதில் ஜேம்ஸ் போவி என்பவர் குண்டடியும் கத்திக்குத்தும் பட்டுக் கிடந்த நிலையில், தன் பெரிய கத்தியால் எதிராளியைத் தீர்த்தார். பத்திரிகைகள் இந்தக் கதையை ஊரெங்கும் கொண்டுபோக, "எனக்கும் போவி மாதிரி ஒண்ணு" என்று ஆளாளுக்குக் கொல்லன் பட்டறை வாசலில் நின்றார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்காரர்கள் கப்பல் கப்பலாக அடித்து அனுப்பிக் காசு பார்த்தார்கள். போவி 1836-ல் அலாமோ கோட்டைச் சண்டையில் இறந்துபோனார். கத்தி சாகவில்லை.

1838-ல் அவருடைய அண்ணன் ரெசின் போவி ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். முதல் கத்தியை அடிக்கச் சொன்னதே நான்தான், அதுவும் வேட்டைக்காக என்றார். அளவும் கொடுத்தார்: நீளம் ஒன்பதே கால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் கூர், வளைவு கிடையாது. இன்றைக்குப் 'போவி' என்றதும் நம் கண்ணில் நிற்கிற அந்த வளைந்த முனை முதல் கத்தியில் இல்லவே இல்லை!

ஒன்பதே கால் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் நாட்டு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒரு வரி இருக்கிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கு, விவசாயத்துக்கு, தொழிலுக்கு, விஞ்ஞானத்துக்கு என்று செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு. அன்று ராத்திரியே கதவைச் சாத்திவிட்டு, ஸ்கேலும் கையுமாகப் பதினொன்றையும் அளந்து பார்த்தேன். குக்ரி எட்டே முக்கால். தப்பித்தேன். அரிவாள் எத்தனை அங்குலம் இருந்தாலும் விவசாயம். எங்கள் வீட்டில் விவசாயம் என்றால் மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி.

அமெரிக்காவில் இதற்கென்று கொல்லர் சங்கம் ஒன்று இருக்கிறது. 1976-ல் ஆரம்பித்தது. அதில் பட்டம் வாங்க ஒரு பரீட்சை உண்டு. நான் எழுதிய எந்த பாங்க் பரீட்சையும் இதற்கு உறை போடக் காணாது. தன் கையால் அடித்த கத்தியோடு வரவேண்டும். காற்றில் சும்மா தொங்குகிற ஓர் அங்குல மொத்தக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்கவேண்டும். அப்புறம் இரண்டங்குலத்துக்கு நாலங்குலக் கட்டையை இரண்டு முறை வெட்டித் தள்ளவேண்டும். அதே கத்தியை, சாணை பிடிக்காமல், முழங்கையில் வைத்து ரோமத்தை வழித்துக் காட்டவேண்டும். கடைசியாக வைஸில் முனையைக் கடித்து நிறுத்தி, 90 டிகிரிக்கு வளைக்கவேண்டும். உடையக் கூடாது. பரீட்சை முடிந்ததும் கத்தி குப்பைக்குப் போகும். ஆளுக்குப் பட்டம் வரும். தன் முத்திரையோடு 'எம்.எஸ்.' என்று இரண்டெழுத்து சேர்த்து அலகில் பொறித்துக்கொள்ளலாம். அந்த இரண்டெழுத்துக்காக ஆயிரம் டாலருக்கு மேலும் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பரீட்சைக்கு நிறைய பேர் விரும்பி எடுக்கிற எஃகுக்கு 5160 என்று பெயர். ஏதோ ராக்கெட் சமாசாரம் என்று நினைத்தேன். விசாரித்தால், வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற எஃகு ஜாதி! காயலான் கடையில் எடை போட்டு விற்கிற சரக்கு. நம் ஊர்க் கொல்லர்கள் கொடுவாள் அடிப்பதும் லாரிப் பட்டையில்தான்.

அப்புறம் எதற்கு அமெரிக்கா என்று தோன்றியது. அதுவும் தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த மண்ணுக்கும் இரும்புக்கும் உறவு ரொம்பப் பழையது. அரூர் பக்கம் தீர்த்தமலையில் காந்த இரும்புத் தாது இருக்கிறது. கோவிலுக்குப் போகிற நாம் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் ஜில்லா. அந்தச் சேலத்து இரும்பை நம்பி, பரங்கிப்பேட்டையில் ஆலை போட்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், நம் கொல்லர்கள் எஃகு செய்கிற முறையை 1839-ல் எழுதி வைத்தார். சின்ன மண் குகையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரம் விறகை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கு இலையை மூடி, களிமண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். குகைகளை உலையில் அடுக்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால், உள்ளே எஃகுக் கட்டி. ஆவாரம்பூவை நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதோடு மறந்துவிடுகிறோம். எருக்கு, பஸ் ஸ்டாண்டு பின்னாலேயே முளைத்துக் கிடக்கிறது.

நம் 'உருக்கு'தான், கன்னடத்து 'உக்கு' வழியாக வெள்ளைக்காரன் வாயில் 'வூட்ஸ்' ஆனது என்பார்கள். மைக்கேல் ஃபாரடே - மின்சாரத்துக்கு முன்னால் அவர் ஒரு கொல்லர் மகன் - 1819-ல் இந்த வூட்ஸை ஆராய்ந்து பார்த்திருக்கிறார். இதே ஜாதி இந்திய எஃகில் அடித்ததுதான் டமாஸ்கஸ் வாள். அலகில் தண்ணீர் அலை மாதிரிக் கோடு ஓடும். அந்த அலை எப்படி வருகிறது என்ற ரகசியம் நடுவில் தொலைந்துபோய், கண்டுபிடிக்க 1990-கள் வரை ஆனது. அயோவாவிலிருந்து வெர்ஹோவன் என்ற பேராசிரியர், ஃப்ளோரிடாவிலிருந்து குதிரைக்கு லாடம் அடிக்கிற பெண்ட்ரே, இரண்டு பேரும் வருஷக்கணக்கில் கட்டி கட்டியாக எஃகைச் சமைத்துப் பார்த்தார்கள். தாதுவில் அற்ப சொற்பமாக வனேடியம் மாதிரிச் சில பொருட்கள் கலந்திருந்தால்தான் அலை விழுகிறது என்று 1998-ல் எழுதினார்கள். பேராசிரியரும் லாடக்காரரும் ஒரே கட்டுரையில் கையெழுத்துப் போட்டதுதான் எனக்கு இதில் பிடித்த சங்கதி. 2006-ல் ஜெர்மானியர்கள் ஒரு பழைய டமாஸ்கஸ் வாளுக்குள் நானோ குழாய் பார்த்ததாகச் சொன்னார்கள். அதை விளக்க எனக்கு ஞானம் பத்தாது.

போகட்டும். பென்னாகரம் போகிற வழியில், புளியமரத்தடியில் ஒரு கொல்லுப் பட்டறை இருக்கிறது. மேலே தகரம், மூன்று பக்கம் ஓலை. எங்கள் வீட்டு அருவாமனை, என் அப்பா காலத்தில் அங்கே அடித்ததுதான். ஒரு சனிக்கிழமை, கிராஃப் பேப்பரில் அளவோடு வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படத்தைப் பார்த்தார்.

"மீனா சார்?"

"கத்திங்க."

"மேல்பக்கம் ஏன் இப்படிக் குழி வாங்குது? கெண்டைய மல்லாத்திப் போட்ட மாதிரி?"

"அதாங்க அழகு."

"சரி. குறுக்கால இது என்னா, கொம்பு மாதிரி?"

"கைகாப்புங்க. கை வழுக்கி முன்னாடி அலகு மேல போயிடாம இருக்க."

"கை வழுக்கறவனுக்கு எதுக்கு சார் கத்தி?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

அலகு எட்டரை அங்குலம் என்று முடிவாயிற்று. ரெசின் அண்ணன் மன்னிக்கவேண்டும். "எளுதிக்கம்மா" என்று பெரியவர் குரல் கொடுக்க, அவர் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். 2021-ல் போலீஸ் ரவுடிகளைத் தேடித் தேடிக் கத்திகளைப் பிடித்தபோது, பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டு வாங்குகிறவர் பெயர், முகவரி குறித்துவைக்கச் சொன்னார்கள் அல்லவா, அந்த நோட்டு. இவர் தன் பங்குக்கு 'எதுக்கு' என்று ஒரு கட்டமும் போட்டிருந்தார். புரட்டிப் பார்த்தேன். தென்னை மட்டை கழிக்க. கறிக்கடை. கரும்பு. புளியங்கிளை. மறுபடி கறிக்கடை.

"எதுக்குன்னு போடலாம் சார்?"

"பார்க்க" என்றேன்.

"என்னாது?"

"அழகுக்குங்க. வீட்டுல மாட்டி வெச்சுப் பார்க்கறதுக்கு."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையலறையில் மாட்டிப் பார்க்க ஒரு தோசைக்கல் வேண்டும் என்று யாராவது கேட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படி. "போலீசு வந்து, பாக்கறதுக்கு வாங்கிட்டுப் போனாருன்னு நான் சொன்னா, என்ன உள்ள வெச்சுப் பாப்பாங்க சார்" என்றார் பெரியவர். கட்டம் காலியாகவே இருந்தது.

அடுத்த வாரம் வேலை நடக்கும்போது கூட இருந்தேன். அம்மாள் சம்மட்டி. பெரியவர் குறட்டால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் 'இங்கே' என்று தொட்டுக் காட்டுவார். சம்மட்டி சரியாக அங்கே இறங்கும். ஒரு வார்த்தை பேச்சு இல்லை. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இத்தனை ஒற்றுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துருத்திக்குப் பதில் இப்போது மின்சார ஊதுகுழல். கரண்ட் போனால் டீ.

தோய்ச்சல் போடுவதைப் பொழுது சாய்ந்த பிறகுதான் வைத்துக்கொண்டார். "வெளிச்சத்துல இரும்பு பொய் சொல்லும் சார்" என்றார். அமெரிக்காவில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்கள்; எஃகு சுமார் 770 டிகிரி தாண்டினால் காந்தம் ஒட்டாது. இவருக்குக் கண்தான் காந்தம். கோவைப்பழச் சிவப்பைத் தாண்டி, மாம்பழ நிறம் வருவதற்குள் எடுத்தார். அலகின் வாயை மட்டும் தொட்டித் தண்ணீரில் காட்டினார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒரு செங்கல் துண்டால் வாயைப் பரக்கப் பரக்கத் தேய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்குகிறது. வெள்ளை இரும்பில் வைக்கோல் நிறம் பரவுகிறது. இன்னும் விட்டால் பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடி, வாய் மெத்துப்போகும். வைக்கோல் வந்ததும் டக்கென்று முழுசாக முக்கினார். ஆக மொத்தம் அரை நிமிஷம் இருக்கலாம். முன்னால் இரண்டு நாள் அடித்த அடியெல்லாம் அந்த அரை நிமிஷத்தை நம்பித்தான்.

"உங்க பேரைப் பிடிக்குப் பக்கத்துல பொறிச்சுக் குடுங்க" என்று கேட்டேன். அமெரிக்க முத்திரைக் கதையைச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை.

"பேரு போட்டா, நாளைக்கு எவனாச்சும் இதத் திருடிட்டுப் போயி எங்கியாச்சும் குத்திப் போட்டா, மொதல்ல யாரத் தேடி வருவாங்க? வேணாம் சார். கத்திக்குப் பேரு வேணாம்."

அங்கே பெயர் இருந்தால் விலை ஏறுகிறது. இங்கே பெயர் இருந்தால் ஜீப் ஏறவேண்டும்.

இவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். பையன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறானாம். "அங்கியும் இரும்புதான் சார். மெஷின் வெட்டுது, இவன் பட்டன அமுக்கறான். சட்டையில கரி படறதில்ல." குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

எழுநூறு ரூபாய் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இத்தனையும் பார்த்துவிட்டு, ஆயிரம் டாலர் கணக்கெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு, "அறுநூறு வெச்சுக்கக் கூடாதா?" என்றேன். வாய்ப் பழக்கம். வெச்சுக்கிட்டார். அந்த நூறு ரூபாயில் அன்று சாயங்காலம் போண்டாவும் காப்பியும் சாப்பிட்டேன். ஜீரணமாகவில்லை.

கருவேலங்கட்டைப் பிடி, பித்தளைப் பூண். ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஐந்து நிமிஷம் தரிசனம், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் காப்பு. ஒரு நாள், வந்திருந்த உறவுக்காரப் பையன்களை தர்மபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். இந்தப் பக்கத்து நடுகற்கள் அங்கே நிறைய இருக்கின்றன. மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்த வீரர்கள். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள். கல்வெட்டில் ராஜா பெயர் உண்டு, ஆண்டு உண்டு, வீரன் பெயர் உண்டு. நான் பார்த்த கற்களில் அந்தக் குறுவாளை அடித்தவன் பெயர் இல்லை. அப்போதே போலீசுக்குப் பயந்தானோ என்னவோ.

திரும்பி வரும்போது அவ்வையார் ஞாபகம் வந்தது. தர்மபுரி அந்தக் காலத்துத் தகடூர் ஆயிற்றே. அதியமானுக்காக அவ்வை காஞ்சிக்குத் தொண்டைமானிடம் தூது போனாள். அவன் பெருமையாக ஆயுதசாலையைக் காட்டினான். புறநானூற்றில் 95-வது பாட்டு. உன் ஆயுதமெல்லாம் மயிற்பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் ஜம்மென்று இருக்கிறது. எங்கள் ஆளுடையது பகைவரைக் குத்தி முனை முறிந்து, கொல்லன் குடிசையில் கிடக்கிறது என்று புகழ்கிற மாதிரி வாரிவிட்டாள். ஹாலில் நுழைந்ததும் என் கத்தியைப் பார்த்தேன். எண்ணெய் பளபளக்கிறது. மயிற்பீலி ஒன்றுதான் பாக்கி.

அவ்வையிடம் வாதாட எனக்கும் ஒரு பாயிண்ட் இருந்தது. 1970-களில் அமெரிக்காவிலேயே உலையில் காய்ச்சிக் கத்தி அடிக்கிற ஆட்கள் அநேகமாக ஒழிந்துபோயிருந்தார்கள். 1973-ல் பில் மோரான் என்பவர் தான் அடித்த டமாஸ்கஸ் கத்திகளைக் கொண்டுவந்து காட்ட, என்னை மாதிரிப் பித்துக்குளிகள் காசைக் கொட்டி வாங்க, தொழில் பிழைத்தது. ஆக, தொண்டைமான்களும் வேண்டும், பாட்டி! தவிர, அதியமானும் கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூரைத் தோற்றவன்தானே? இப்படியெல்லாம் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததை மனைவி கவனித்துவிட்டாள். நூறு ரூபாய் பேரம் பேசின தொண்டைமானால் எந்தத் தொழில் பிழைக்கும் என்று பாட்டி திருப்பிக் கேட்டிருந்தால், என்னிடம் பதில் இல்லை.

மே மாதம் வந்தது. ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து, வழக்கப்படி காலண்டர் பக்கம் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. சமையல்கட்டில் அம்மா ஈரத் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு ஜாடி நிறைய மாங்காய்த் துண்டு.

"அருவாமனைக் கட்டை ஆடுதுடா. உன்னுது சும்மாதானே தொங்குதுன்னு எடுத்தேன். நல்லா வெட்டுது!"

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த அலகில் நீலம், ஊதா, கறுப்பு என்று மழை மேகம் மாதிரித் திட்டுத் திட்டாக. முனைக்குக் கிட்டே வாயில் ஓர் எள் அளவுக்குப் பல். நாற்பது மாங்காய், கொட்டையோடு!

"ஐயோ அம்மா, அது போவி!"

"போவுதுன்னா போவட்டும் விடுடா. வேற வாங்கிக்கலாம்."

ராத்திரி சாப்பிடவில்லை. பத்து மணிக்கு மேல் புத்தகங்களைப் புரட்டினேன். கார்பன் எஃகில் புளிப்புப் பட்டால் மேலே ஒரு படலம் படியும். அது செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். அந்த நிறத்துக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் புதுக் கத்தியை வினிகரில் ஊறவைக்கிறார்கள், கடுகு விழுது தடவுகிறார்கள். எங்கம்மா மாங்காயில் செய்திருக்கிறாள். நிறத்துக்குச் சமாதானம் கிடைத்தது. பல்லுக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். பெரியவர் கத்தியை வாங்கி, நிறத்தைச் சட்டை செய்யாமல், கட்டைவிரலைக் குறுக்கே வைத்து வாயைத் தடவிக்கொண்டே போனார். பல் விழுந்த இடத்தில் விரல் நின்றது. அங்கேயே இரண்டு முறை போய் வந்தது.

"எதுல பட்டுச்சு?"

"மாங்கொட்டைங்க. அம்மா தெரியாம..."

"மாங்கொட்டைக்கு இது விழக் கூடாது சார்." முகம் மாறிவிட்டது. "இந்த எடத்துல தோய்ச்சல் கூடிப் போயிருக்கு. முனை மெல்லிசு, சீக்கிரம் காஞ்சிருக்கும். நான் பாக்காம விட்டுட்டேன். எப்ப வாங்கினீங்க?"

"ஏழு மாசம் ஆச்சுங்க."

"ஏழு மாசமா வெட்டவே இல்லியா? மொத வாரமே கொண்டாந்திருந்தா, அப்பறம் அடிச்ச ஆறு கொடுவாளுலயும் பாத்துப் போட்டிருப்பேனே!"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஆறு எங்கெங்கே போயின என்று அம்மாளிடம் நோட்டைப் பார்க்கச் சொன்னார். உலையில் கரியைக் கிளறினார். பொழுது சாயக் காத்திருந்து, முதுகை மட்டும் கரியில் காட்டி, முனைப் பக்கம் வைக்கோல் நிறம் பழுப்புக்குத் திரும்புகிற வரைக்கும் விட்டுத் தண்ணீரில் வைத்தார். சாணையில் பல்லை எடுத்தார். கூலி எவ்வளவு என்றேன். தன் தப்புக்குக் கூலி வாங்குவதில்லை என்றார். நான் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து, இது போன தடவை பாக்கி என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். வாங்கி அம்மாளிடம் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்மாள் நோட்டைக் கொண்டுவந்து, என் பெயருக்கு நேரே காலியாகக் கிடந்த கட்டத்தைக் காட்டினார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்.

மாங்காய் வெட்ட.